முனீஸ்வரன் நின்ற இடம்

ஏழு கல் கிடைத்துவிட்டது. எட்டாவது கல்லைத்தான் காணோம்.

குன்றின் மேலிருந்து ஷர்மிளா இறங்கி வருவதைக் குவாரி முதலாளி பூவராகன் கிரஷர் ஷெட்டின் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தொல்லியல் துறை அதிகாரி வருகிறார் என்றதும், ஓய்வு பெறப் போகிற வயதில், மூச்சு வாங்குகிற யாராவது ஒருவர் வருவார், இளநீர் வெட்டிக் கொடுத்து மத்தியானத்துக்குள் அனுப்பிவிடலாம் என்று மனுஷன் தெம்பாக இருந்தார். வந்ததோ முப்பது வயதுகூட நிரம்பாத பெண். இளநீரைத் தொடவில்லை. கையோடு தண்ணீர் பாட்டில் கொண்டுவந்திருந்தாள். இளநீர் குடிக்காத அதிகாரியைக் கண்டால் எந்தக் குவாரிக்காரனுக்கும் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

கீழ்க்கட்டளைக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவே கிடக்கும் அந்த நரிமேட்டுக் குன்று அப்படியொன்றும் பெரிய மலையில்லை. பூவராகனின் அப்பா காலத்தில் அடிவாரத்தில் கேழ்வரகு விளைந்தது. பிறகு நிலத்தை மனை போட்டு விற்றார்கள். பாறையை யாரும் மனையாக வாங்க மாட்டார்களே, அதை மட்டும் பூவராகன் அரசாங்கத்திடம் குத்தகைக்கு எடுத்து உடைக்கத் தொடங்கினார். இப்போது 2006. பழைய மகாபலிபுரம் சாலை நெடுக கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன. ஊரே ஜல்லிக்கு அடித்துக்கொண்டது. பல்லாவரம் பக்கம் குவாரிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்ததால் இவர் வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன.

இந்த நேரம் பார்த்துத்தான் பாண்டவர் குழி விவகாரம் கிளம்பியது. குன்றின் மேல்புறத்தில் வட்டம் வட்டமாகக் கல் அடுக்கிய பழங்காலப் புதைகுழிகள் உண்டு. பாண்டவர்கள் ஒளிந்திருந்த குழி என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். ஆடு மேய்க்கிறவர்களைத் தவிர வேறு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. சுற்றி எட்டு எல்லைக் கற்களை நட்டு, இது பாதுகாக்கப்பட்ட இடம் என்று சர்க்கார் எப்போதோ அறிவித்திருந்தது. அந்த எல்லையிலிருந்து நூறு மீட்டருக்குள் பாறையில் உளியே வைக்கக் கூடாது. அதற்கும் அப்பால் இருநூறு மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். குத்தகை முடியும் சமயம், புதுப்பிக்க வேண்டுமானால் எல்லையை அளந்து சான்று வாங்கி வா என்று கலெக்டர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

அளப்பதைப் பற்றிப் பூவராகனுக்குக் கவலையே இல்லை. எல்லைக்கும் குவாரிக்கும் நானூறு மீட்டருக்குக் குறையாது. சத்தியமாகச் சட்டத்துக்கு உட்பட்ட குவாரி. இந்த வட்டாரத்தில் அப்படி நெஞ்சைத் தொட்டுச் சொல்லக்கூடியவர்கள் ரொம்பக் குறைவு, அந்தப் பெருமை அவருக்கு உண்டு. அவருடைய கவலையெல்லாம் அந்த எட்டாவது கல்லைப் பற்றித்தான். அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

குவாரி வாய்க்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில், சிவப்புப் பட்டு கட்டிக்கொண்டு, வெள்ளிக் கண்மலரும் முறுக்கு மீசையுமாக அது நின்றுகொண்டிருந்தது. பெயர் முனீஸ்வரன்.

நடந்தது இதுதான். எண்பத்தெட்டில் குவாரி தொடங்கிய முதல் நாள், முதல் வெடி. ராகுகாலம் பிறப்பதற்குள் திரி பற்றவைத்தாக வேண்டும் என்று பூவராகன் ஒற்றைக்காலில் நின்றார். வெடிக்கு முன்னால் சங்கு ஊத வேண்டும். ஊதினால், கீழே இருக்கிற ஆட்கள் ஏறி வந்து, தலை எண்ணி முடிக்க நேரமாகும். அதுதான் எல்லாரும் ஏறிவிட்டார்களே, சங்கெல்லாம் வேண்டாம், பற்றவை என்று வெடிமேஸ்திரி சுந்தர்சிங்கிடம் சொல்லிவிட்டார். பொன்னுரங்கம் என்கிற கல்லுடைப்பவன் மறந்துவிட்ட சம்மட்டியை எடுக்கத் திரும்பவும் இறங்கியிருந்தான். அவனை யாரும் பார்க்கவில்லை. புகை அடங்கிய பிறகுதான் பார்த்தார்கள்.

ஆட்கள் கடப்பாரையும் கையுமாகப் பூவராகன் இருந்த கொட்டகையைச் சூழ்ந்துகொண்டார்கள். பொன்னுரங்கத்தின் மனைவி கிளியம்மாள் தலைவிரிகோலமாக நின்றாள். எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பூவராகனுக்கு அப்போது இளம் வயசு, உயிர் பயம். குன்றின் மேல் ஒரு கல் தனியாக நிமிர்ந்து நிற்பது கண்ணில் பட்டது. கையை நீட்டி, அங்கே முனி நிற்கிறார், அவரைக் கேட்காமல் வெடி வைத்துவிட்டோம், காவு வாங்கிவிட்டார் என்று வாயில் வந்ததைச் சொன்னார். சொல்லும்போதே தானும் பாதி நம்பிவிட்டார் என்பதுதான் வேடிக்கை. கடப்பாரைகள் தாழ்ந்தன.

அப்புறம் பூசாரி வந்தார். முனியைக் கீழே கொண்டுவந்து குவாரி வாயில் உட்காரவைத்தால் கோபம் தணியும் என்றார். மேளதாளத்தோடு போய்க் கல்லைத் தோண்டினார்கள். மண்ணுக்குள் புதைந்திருந்த அடிப்பகுதி வெளியே வந்ததும் பூவராகன் குனிந்து பார்த்தார். அதில் அம்புக்குறி போட்டு எட்டு என்று எண் செதுக்கியிருந்தது. மேளம் அடித்துக்கொண்டிருக்கிறது, ஜனம் சாமியாடிக்கொண்டிருக்கிறது, அந்த நேரத்தில் இது சர்க்கார் கல் என்று எவன் சொல்வான்? சொன்னால் பொன்னுரங்கம் எப்படிச் செத்தான் என்ற கேள்வி மறுபடி எழுந்து நிற்கும். இரண்டு பேர்தான் அந்த எண்ணைக் கவனித்தார்கள், அவரும் சுந்தர்சிங்கும். அதை மண்ணுக்குள் இறக்கி, சுற்றிச் சிமெண்ட் போட்டுப் பூசிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்தக் குவாரியில் ஒருவனும் சாகவில்லை. சுந்தர்சிங் அன்றிலிருந்து சங்கு ஊதாமல் திரியைத் தொட்டதில்லை, காரணம் அதுதான். ஆனால் பெயர் முனிக்குப் போய்ச் சேர்ந்தது. கிளியம்மாளுக்குப் பூவராகன் குவாரியிலேயே வேலை கொடுத்தார். காலையில் முனிக்கு விளக்கேற்றுவது, வாசல் பெருக்குவது. விளக்கேற்றாமல் யாரும் பள்ளத்தில் இறங்குவதில்லை. பழைய ஆட்கள் ஒவ்வொருவராக விலகிப் புது ஆட்கள் வந்தார்கள். ஆடித் திருவிழா நோட்டீஸில் சுயம்பு முனீஸ்வரர் என்று அச்சடிக்க ஆரம்பித்தார் பூவராகன். புதியவர்கள் அதையும் அப்படியே நம்பினார்கள்.

இப்போது அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. நம் ஊரில் பழைய சாமி இருக்கிற இடத்தில் எந்த அதிகாரியும் லேசில் கை வைக்க மாட்டான். முனி ஆதிகாலத்திலிருந்து இதே இடத்தில் இருக்கிறார் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லிவிட்டால், அதைப் போய்க் காணாமல் போன எல்லைக் கல் என்று யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஆட்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார். கிளியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவளுக்குத்தான் உண்மை தெரியுமே, மேலிருந்து கொண்டுவந்தபோது கூடவே நடந்து வந்தவள். சாமி விஷயத்தில் பொய் சொல்ல அவளுக்கு மனம் ஒப்பவில்லை. குவாரி மூடினால் இத்தனை பேர் வயிற்றிலும் அடி விழும் என்று இவர் சொன்ன பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

தன் புத்திசாலித்தனத்தை அவர் தானே மெச்சிக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஷர்மிளா இறங்கி வந்து ஷெட்டுக்குள் வரைபடத்தை விரித்தாள். கூட வந்த சர்வே ஆட்கள் கருவியை மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலைக் கல் இல்லை, பரவாயில்லை, மற்ற கற்களை வைத்துக் கோடு இழுத்துவிடலாம், உங்கள் குவாரி வெகு தூரத்தில்தான் இருக்கிறது என்றாள். பூவராகனுக்கு உச்சி குளிர்ந்தது. இந்தப் பெண்ணை என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று வெட்கம்கூடப் பட்டார்.

ஜீப்புக்குப் போகிற வழியில் அவள் வேப்பமரத்தடியில் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். கும்பிடப் போகிறாள் என்று பூவராகன் நினைத்தார். அவள் குனிந்து, பட்டுத்துணியை லேசாக விலக்கி, கல்லின் தலையைப் பார்த்தாள். நாலு பக்கமும் சதுரமாகச் செதுக்கி, உச்சியை மட்டும் கூம்பாகச் சீவிய தலை. மேலே இருந்த ஏழு கற்களும் அச்சு அசல் இதே மாதிரி.

"இந்தச் சாமி எவ்வளவு வருஷமா இங்க இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டாள்.

கேட்டதுதான் தாமதம். ஒப்பித்துவைத்த பிள்ளைகள் மாதிரி ஆட்கள் முந்திக்கொண்டார்கள். ஆதிகாலத்திலிருந்து என்றான் ஒருவன். தானாக முளைத்தவர் என்றான் இன்னொருவன். கம்ப்ரசர் ஓட்டுகிறவன், போன வருஷம்தான் ஆரணியிலிருந்து வந்தவன், தன் தாத்தா இதே இடத்தில் இந்த முனியைக் கும்பிட்டிருக்கிறார் என்று அடித்துவிட்டான். ஷர்மிளா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த கிளியம்மாளிடம் திரும்பினாள். கிளியம்மாள் பூவராகனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"இங்கதான் கீறாரும்மா. எப்பவுமே இங்கதான்."

ஷர்மிளா நிமிர்ந்தாள். முகத்தில் கோபமில்லை, அலுவல் தோரணைதான் இருந்தது. சர்வே ஆட்களைக் கூப்பிட்டுக் கருவியை மறுபடி இறக்கச் சொன்னாள்.

"சார், இதுதான் எட்டாவது கல். இது எப்பவுமே இங்கதான் நிக்குதுன்னு உங்க ஆளுங்களே சொல்லிட்டாங்க. எல்லைக் கல் எங்க நிக்குதோ அதுதான் எல்லை. மேப் அதுக்கு அப்புறம்தான். உங்க குவாரி முழுக்க நூறு மீட்டருக்குள்ள வருது. நான் அப்படித்தான் ரிப்போர்ட் எழுதணும்."

குழி தோண்டி அதில் தானே போய் விழுவது என்று பூவராகன் கேள்விப்பட்டிருக்கிறார். இவ்வளவு கச்சிதமாக யாரும் விழுந்திருக்க மாட்டார்கள். நியாயமாக நடத்திவந்த குவாரியை, ஒருவரும் குறை சொல்ல முடியாத குவாரியை, அவருடைய ஆட்களே சாட்சி சொல்லி மூடிவிட்டார்கள். அதுவும் அவர் சொல்லிக்கொடுத்த சாட்சி. அவர்கள் வேறு, நன்றாகச் சொன்னோமா முதலாளி என்பதுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷர்மிளாவை ஷெட்டுக்குள் அழைத்துப்போய் உண்மையைச் சொன்னார். மேலே இருந்த கல், நாங்கள்தான் கொண்டுவந்து வைத்தோம், வேண்டுமானால் கிளியம்மாளையே மறுபடி கேளுங்கள் என்றார். ஏன் கொண்டுவந்தோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டாள், நம்பவில்லை.

"பாதுகாக்கப்பட்ட எல்லைக் கல்லைப் பிடுங்கினது குத்தம், தெரியுமில்ல? அதையும் ஒத்துக்கறீங்க. லீஸுக்காக எதை வேணா சொல்றீங்கன்னுதான் எனக்குத் தோணும். பத்து நிமிஷம் முன்னாடி உங்க ஆளுங்க ஒண்ணு சொன்னாங்க. இப்ப வேற சொல்லச் சொல்வீங்க. சாட்சி வேணாம் சார். கண்ணால பாக்கற மாதிரி ஏதாவது இருந்தா காட்டுங்க."

கண்ணால் பார்க்கிற மாதிரி என்ன இருக்கிறது? மேலே கல் நின்ற குழியை மண் என்றோ மூடிவிட்டது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த மனுஷனுக்குச் சட்டென்று பிடி கிடைத்தது. சாமி வைக்கும்போது அடியில் காசு போடுவோமே. நவதானியம், செப்புத் தகடு, ஆளுக்கொரு காசு. அவரே புதுசாக வந்த ஒரு ரூபாய்க் காசு ஒன்றைப் போட்டிருந்தார். சர்க்கார் காசில் சர்க்காரே வருஷத்தை அச்சடித்திருக்கும். எண்பத்தெட்டாம் வருஷத்துக் காசின் மேல் நிற்கிற கல், அதற்கு முன்னாலிருந்தே அங்கே எப்படி நின்றிருக்க முடியும்?

ஷர்மிளா சற்று யோசித்தாள். சரி, எடுங்கள், பார்க்கிறேன் என்றாள். அப்படி நிரூபித்துவிட்டால் குவாரி எல்லைக்கு வெளியே என்றுதான் எழுதுவேன், கல் மறுபடி மேலே போக வேண்டும், பிடுங்கியதற்கு வழக்கு தனியாக வரும் என்றும் சொன்னாள். வழக்கு வந்துவிட்டுப் போகட்டும். பூவராகன் விடுவிடென்று வெளியே வந்தார்.

வெளியே வந்த பிறகுதான், எடுக்க வேண்டியது எதை என்பது அவருக்கு உறைத்தது.

முனியைப் பெயர்க்க வேண்டும் என்று அவர் சொன்னதும் சுற்றி நின்றவர்கள் அப்படியே பின்வாங்கினார்கள். ஒருத்தனும் கடப்பாரையைத் தொடவில்லை. சுந்தர்சிங் மட்டும் முன்னால் வந்தான். நாகர்கோவில் பக்கத்து ஆள், கழுத்தில் சிலுவை போட்டவன், அவனுக்கு முனியிடம் பயமில்லை. பூவராகன் அவன் கையைப் பிடித்துத் தடுத்தார். நாளைக்கு வேதக்காரன் வந்து முனியை இடித்தான் என்று ஒரு பேச்சு கிளம்பினால், கீழ்க்கட்டளையிலிருந்து பள்ளிக்கரணை வரைக்கும் தீ பற்றிக்கொள்ளும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையைத் தானே எடுத்தார். அதைத் தூக்கி எத்தனையோ காலமாகிவிட்டது.

கிளியம்மாள் கல்லுக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"இன்னா காரியம் மொதலாளி பண்றீங்க? அவரு ஒருவாட்டி கோச்சிகினதுக்கே நா தாலிய அறுத்தேன். இன்னும் எவ வூட்ல எழவு வுழணும்?"

ஆட்கள் மத்தியில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அது நல்ல முணுமுணுப்பாக இல்லை. சம்மட்டி வைத்திருந்த இரண்டு பேர் அதைக் கீழே போடாமல் நெருங்கி வந்தார்கள். ஷர்மிளாவின் சர்வே ஆட்கள் மெதுவாக ஜீப் பக்கம் நகர்ந்தார்கள். அவள் நகரவில்லை. போலீஸைக் கூப்பிடட்டுமா என்று பூவராகனிடம் தணிந்த குரலில் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தார். போலீஸ் வந்தால் நேரம் ஆகும், கூட்டம் சேரும், காரியம் கெடும். அந்த நிலையிலும் அவருக்கு நேரம்தான் முதலில் தோன்றியது.

வேறு வழியில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இது சாமி இல்ல, கிளியம்மா. சர்க்கார் நட்ட எல்லைக் கல்லு. கீழ நம்பர் போட்டிருக்கும். எனக்கு அன்னிக்கே தெரியும்."

கிளியம்மாள் நகரவில்லை. அவர் சொன்னதை ஒவ்வொரு வார்த்தையாகப் புரட்டிப் பார்க்கிறவள்போல நின்றாள். பிறகு தானே குனிந்து, எரிந்துகொண்டிருந்த விளக்கை எடுத்துத் தள்ளி வைத்தாள். கல்லின் பட்டுத்துணியை அவிழ்த்து மடித்தாள். வெள்ளிக் கண்மலரைப் பெயர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வழியைவிட்டு விலகி நின்றாள்.

"எடு" என்றாள்.

பூவராகன் சிமெண்டில் கடப்பாரையை இறக்கினார். நாலைந்து குத்திலேயே மூச்சு முட்டியது. உதவிக்கு ஒருவரும் வரவில்லை. சிமெண்ட் துண்டு துண்டாக விரிந்தது. கல்லை நெம்பிச் சாய்த்தபோது அது பெரிய சத்தமெல்லாம் போடவில்லை, ஈர மண்ணில் தொப்பென்று விழுந்தது. யாரோ ஒரு பெண் மட்டும் விசும்பினாள். குழிக்குள் செப்புத் தகடு பச்சை பூத்துக் கிடந்தது. கருத்த காசுகள் மண்ணோடு ஒட்டியிருந்தன. ஷர்மிளா மண்டியிட்டு ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தாள். ஒரு ரூபாய்க் காசைக் கைக்குட்டையில் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"எண்பத்தெட்டு" என்றாள். போட்டோ எடுத்துக்கொண்டாள். எழுந்து கையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "சரி சார். நீங்க சொன்னது உண்மைதான். குவாரி எல்லைக்கு வெளியிலதான் இருக்கு. அப்படியே எழுதறேன்."

பூவராகனுக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது, சந்தோஷத்தில்தான். குவாரி பிழைத்தது. இன்னும் பல வருஷத்துக்குக் கவலையில்லை. சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆட்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். யாரும் சிரிக்கவில்லை. எல்லாருடைய பார்வையும் கிளியம்மாள் மேல் இருந்தது.

அவள் குடத்துத் தண்ணீரைக் கொண்டுவந்து, சாய்ந்து கிடந்த கல்லின் அடியில் ஊற்றி, ஒட்டியிருந்த மண்ணைக் கையால் வழித்தாள். அம்புக்குறியும் எண்ணும் தெளிவாக வந்தன. அவளுக்குப் படிக்கத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஷர்மிளாவிடம் கேட்டாள்.

"இது மட்டுந்தானாம்மா எழுதிகீது? வேற ஒண்ணும் இல்ல?"

"எட்டுன்னு நம்பர்மா. கவர்ன்மெண்ட் குறி. வேற ஒண்ணும் இல்ல."

கிளியம்மாள் அங்கேயே கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பூவராகன் இந்த நொடிக்குத்தான் இத்தனை வருஷமும் பயந்தார். அது வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது. ஓடவும் முடியவில்லை, ஒளியவும் முடியவில்லை.

"அப்போ அன்னிக்கி யாரும் கோச்சிக்கல" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "தெனம் காலைல வெளக்கேத்தும்போது நா இன்னா கேப்பேன் தெரியுமா? எங்க வூட்டுக்காரரு தெரியாம எங்கனா மிதிச்சிருப்பாரு, துப்பியிருப்பாரு, மன்னிச்சிக்கோ சாமின்னு கேப்பேன். அவரு இன்னா தப்பு பண்ணாருன்னு தெரியாமயே கேட்டுகினு இருந்தேன். அவரு ஒண்ணும் பண்ணல இல்ல?"

"இல்ல" என்றார் பூவராகன்.

அவள் அவரிடம் மேற்கொண்டு கேட்கவில்லை. கூட்டத்தின் ஓரமாக நின்ற சுந்தர்சிங்கைப் பார்த்தாள்.

"சிங்கு, நீ சொல்லு. ஒவ்வொரு வெடிக்கும் சங்கு ஊதுறியே. அன்னிக்கி ஊதனியா?"

சுந்தர்சிங் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பூவராகன் அவனையே பார்த்தார். சொல்லாதே என்று கெஞ்சினாரா, சொல்லித் தொலை என்று சொன்னாரா, அவருக்கே தெரியவில்லை.

"ஊதல்லக்கா" என்றான் சுந்தர்சிங். "ராகுகாலம் வந்துரும்னு சொன்னாங்க. நானும் கேட்டுக்கிட்டேன்."

யார் சொன்னார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. சம்மட்டியோடு நெருங்கி வந்திருந்த இரண்டு பேரும் அதைக் கீழே வைத்தார்கள், வைத்துவிட்டுப் பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளியம்மாளுக்குப் பின்னால் போய் நின்றார்கள். கம்ப்ரசர்காரன் போய் இஞ்சினை நிறுத்தினான். காலையிலிருந்து காதுக்குள் இரைந்துகொண்டிருந்த சத்தம் நின்றதும் கீழே சாலையில் லாரிக்காரன் ஹாரன் அடிப்பது கேட்டது. ஷர்மிளா எழுதுவதை நிறுத்திவிட்டு நின்றாள்.

பூவராகனுக்குக் கையில் இன்னும் கடப்பாரை இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உனக்கு வேலை கொடுத்தேன், உன்னைப் பட்டினி போடவில்லை என்றெல்லாம் சொல்லலாமா என்று யோசித்தார். சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது.

இத்தனை வருஷத்தில் கிளியம்மாள் அவரை முதலாளி, வாங்க, போங்க என்பதைத் தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. இப்போது அவரை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"இத்தினி வருசம் நா கல்லாண்ட மன்னிப்பு கேட்டேன். இப்போ நீ என்னாண்ட கேளு."

பூவராகன் கடப்பாரையைத் தரையில் போட்டார். கிளியம்மாளுக்கு எதிரே மண்டியிட்டார். சுற்றி நின்றவர்கள் ஒருவரும் அவரைத் தூக்க வரவில்லை.